கலவன்

பள்ளிக்கூடம் பார்க்கப் போன அன்று
நான் முதலில் பார்த்தது மலசலகூடத்தை.
திறாங்கு என் இடுப்பளவில் இருந்தது.
ஆரபியைக் கூட்டிவந்து பூட்டச் சொன்னேன்.
பூட்டினாள்.
உள்ளே இருந்து,
"அம்மா, நிக்கிறீங்களோ?"
"நிக்கிறன்."

கோண்டாவிலில் இருந்து நாலு கிலோமீற்றர்.
வான் காசு தனி.
தவணைக்கு அறுபத்தையாயிரம்,
சேர்க்கும்போது ஒருதரம் கட்டுவது அதில் இல்லை.
குளிரூட்டிய அறையில் அதிபர்
ஒவ்வொன்றாய்ச் சொன்னா:
நீச்சல், கணினி, சனிக்கிழமை சதுரங்கம்.
பிறகு குரலைத் தணித்து,
ஏதோ பரம்பரை வருத்தத்தை விசாரிப்பது போல,
"ஆம்பிளைப் பிள்ளையளும் ஒண்டாத்தான் இருப்பினம்.
உங்களுக்கு அது பிரச்சினை இல்லையோ?"

அதுக்காகத்தான் வந்தனான்
என்று நான் சொல்லவில்லை.

பதின்மூன்று வருஷம்
நான் படித்த பள்ளிக்கூடத்து மதிலில்
உடைத்த போத்தல் பதித்திருந்தார்கள்.
ஆண்பிள்ளை என்றால் எனக்கு
மதிலுக்கு அங்காலே இருந்து வந்து விழும்
கிரிக்கெட் பந்து.
எடுத்து எறிந்தால் விசாரணை.
எறியாவிட்டால் அன்றிரவு முழுக்க
அந்தப் பந்து தலைக்குள் கிடந்து உருளும்.
ரியூட்டரியில் இரண்டு வாங்கு வரிசைக்கு நடுவே
ஒரு முழ இடைவெளி;
அதைக் கடக்கப் பாஸ் எடுக்கவேணும்.

இப்போது நீர்வழங்கல் கந்தோரில்
பதினொரு ஆண்களோடு கூட்டத்தில் இருக்கிறேன்.
குழாயின் விட்டம் பிழை என்று எனக்குத் தெரியும்.
வாயைத் திறந்தால்
குரல் முதலில் ஓடிப்போய்
அந்தப் போத்தல் துண்டுகளைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.
அதற்குள் அவர்கள்
தேநீருக்கு எழும்பிவிடுவார்கள்.

சின்னமாமி போனில்:
"பொம்பிளைப் பிள்ளை. பிறகு ஒண்டெண்டால்?"
ஒண்டு என்றால் என்ன என்று
அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பிள்ளைக்கு ஐந்து வயது.
முன்பல் ஒன்று ஆடுகிறது.

வாகீசன் முற்றத்தில் குந்தியிருந்து
மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார்.
நாள்தோறும் பண்ணைப் பாலம் தாண்டித்
தீவுக்குப் போய்ப் படிப்பிக்கிறவர்.
உப்புக்காற்று செயினைத் தின்றுவிடும்.
"கலவன்தானே வேணும்," என்றார், நிமிராமல்.
"என்ரை பள்ளிக்கூடப் பேர்ப்பலகையிலை
கொட்டை எழுத்திலை கிடக்கு,
அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை எண்டு.
ஒரு சதமும் இல்லை.
இந்த வருஷம் முதலாம் வகுப்பிலை நாலு பேர்:
மூண்டு பெடியன், ஒரு பெட்டை.
நீச்சல் இல்லைத்தான்.
சுத்திவரக் கடல்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.

அன்றுதான் யோசித்தேன்.
வசதியில்லாத இடங்களில்
பிள்ளைகள் எப்போதும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள்.
மதில் கட்டக் காசு வேண்டியிருந்தது.
இப்போது மதில் இல்லாத இடத்துக்கும்
காசு கேட்கிறார்கள்.
நான் கட்டத்தான் போகிறேன்.
அதுவும் அவருக்குத் தெரியும்.

படிவம் இரண்டு நாள் மேசையில் கிடந்தது.
தேத்தண்ணிக் கோப்பை வைத்த வளையம் ஒன்று
சமயம் என்ற கட்டத்தின் மேல்.
தகப்பனின் தொழில் என்ற இடத்தில்
என் பேனை நின்றது.
அவர் வாங்கி எழுதினார்: ஆசிரியர்.
கொஞ்சம் பொறுத்து,
இடம் போதாமல் கோட்டுக்கு வெளியே,
அரசாங்கப் பாடசாலை.

இரவு, நுளம்புவலைக்குள்,
அந்த ஊஞ்சலில் இருந்த பெடியன்
இறங்கவே இல்லை என்றாள் ஆரபி.
"நீ கேட்டனியோ?"
"கேட்டனான்."
"பிறகு?"
"பிறகு பலத்துக் கேட்டனான்."
"இறங்கினவனோ?"

பதில் இல்லை.
நாக்கு நுனியால் பல்லைத் தள்ளித் தள்ளி
எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.