ஒற்றைக்கால் சாக்ஸ்

எங்களுக்கு முன் இந்த அறையில் இருந்தவன் எவனோ
மாட்டிவிட்டுப் போனது.
கறுப்பு சாக்ஸ். ஒற்றைக்கால்.
கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் கருவியின்
மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தது.
மூன்று வருடம் அதன் கீழே
எட்டுப் பேர் தூங்கினோம், ஏழு பேர் புகைத்தோம்.

ஜுபைல் ஆலை வாசலில்
விடியுமுன் லைட்டரைப் பிளாஸ்டிக் வாளியில் போட வேண்டும்.
திரும்பும்போது கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வோம்.
எவன் லைட்டர் எவனிடம் என்று யாருக்கும் தெரியாது.
எரிவாயுக் குழாய்களுக்கு நடுவே
நாற்பது மீட்டர் உயரத்தில் சாரம் கட்டுகிறவன் நான்.
பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுகூட இல்லாமல் இருப்பேன்.
கேம்ப் வந்து இறங்கியதும் விட்டதைப் பிடிப்பேன்.

எட்டாமவன் வில்வநாதன். மேல் கட்டில்.
புகை மேலே போகும் என்பது
ஏழு பேருக்கும் தெரிந்த விஞ்ஞானம்தான்.

இக்காமா புதுப்பிக்கப் போன இடத்தில்
எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்த டாக்டர்
"ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?" என்றாராம்.
"தொட்டதே இல்லை" என்றானாம்.
"எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்றாராம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
சிரிப்பு இருமலானது.
மரியசூசை தண்ணீர் கொடுத்தான்,
இடது கையால்.
வலது கையில் எரிந்துகொண்டிருந்தது.

அன்று இரவு மேல் கட்டிலுக்கு ஏறினேன்.
நான்கே படி. மூச்சு வாங்கியது.
சாக்ஸைக் கழற்றினேன்.
யாரிடமும் சொல்லவில்லை. அது என் தப்பு.

மறுநாள் ராத்திரி ஒரு மணிக்கு
மரியசூசை வழக்கம்போல் பற்றவைத்தான்.
பி பிளாக் முழுதும் அலறியது.
கைலியும் பனியனுமாக நூற்றிருபது பேர் மணலில்.
ஒருவன் பாஸ்போர்ட் நகலை அள்ளிக்கொண்டு,
ஒருவன் ஊருக்கு வாங்கிய மிக்சியைக் கட்டிக்கொண்டு.
கேம்ப் பாஸ் பினோய்
எங்கள் அறைக்கு ஆளுக்கு நூறு ரியால் எழுதினான்,
வில்வநாதனுக்கும் சேர்த்து.
அந்த மாதம் நால்வர் விட்டோம்.
ஞானோதயம் ஒன்றுமில்லை;
பாக்கெட்டுக்குக் காசில்லை.

விடுவதில் சிகரெட் சின்ன விஷயம்.
மெஸ்ஸுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில்தான்
எல்லாச் செய்தியும் வரும்:
எந்த ஷட்டவுனுக்கு ஆள் எடுக்கிறார்கள்,
எவன் சம்பளம் ரெண்டு மாதமாய்த் தூங்குகிறது,
நயினாவின் பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை.
நெருப்புக் கேட்டு வராதவனுக்கு
அங்கே என்ன வேலை?
ஒன்பது நாள் ஒன்றுமே தெரியாதவனாய் இருந்தேன்.
உப்பு அதிகமென்று சமையல்காரனிடம் சண்டை போட்டேன்.
பத்தாம் நாள் சட்டைப்பை நிறைய
சூரியகாந்தி விதையோடு போய் நின்றேன்.
சிரித்தார்கள். பிறகு கை நீட்டினார்கள்.
இப்போது தொட்டியடியில் பாதி துண்டு, பாதி தோல்.
குல்ஸமான் மட்டும் உதட்டுக்கடியில் நஸ்வாரை ஒதுக்கியபடி
"நான் எங்கே புகைக்கிறேன்?" என்கிறான்.
அவனுக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை, இன்னும்.

பத்தொன்பதாம் நாள் என் விடுப்பு ரத்தானது.
பஸ்ஸுக்குப் பின்னால் நின்று இரண்டு.
ஒன்றின் நெருப்பில் மற்றது.
அறைக்கு வந்து சொன்னேன்.
கார்கோ கம்பெனி காலண்டரில்
என் கோடுகளை அடித்துவிட்டு
பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டான் மரியசூசை.
பேனாவை எனக்கே கொடுத்துவிட்டான்.

வில்வநாதன் இருமுகிறான், கொஞ்சம் குறைவாக.
இருட்டில் அவன் தலைக்கு மேல்
நாற்பது நொடிக்கொருமுறை
சிவப்பாய் ஒரு புள்ளி விழித்து மூடுகிறது.
கீழ்க்கட்டிலிலிருந்து பார்த்தால்
யாரோ ரகசியமாய் இழுக்கிறான் என்றே தோன்றும்.
எழுந்து உட்கார்கிறேன்.
முகர்ந்து பார்க்கிறேன்.
தேங்காய் எண்ணெய், ஈரக் கைலி, ஏசிக் காற்று.