மீதி முப்பது

ஒப்பிட்டுப் பார்க்க
மாத்திரை போடாத தலை ஒன்று வேண்டும் என்றார்கள்.
கூடப் பிறந்த தலை என்றால் இன்னும் நல்லது.
ஒயிட்ஃபீல்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு
ஓசூர் ரோட்டுக்குக் கொண்டுபோனேன்
என்னுடையதை.

படிவத்தில் கேள்விகள்.
கர்ப்பமா? இல்லை.
தைராய்டு? இல்லை.
ஆளில்லாதபோது குரல் கேட்டதுண்டா?
பேனா கொஞ்சம் நின்றது.
இல்லை.

ஈயக் குடுவைக்குள்ளிருந்து ஊசி வந்தது.
நூற்றுப்பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
பாதியாகிப் பாதியாகிக் குறையும் மருந்து.
ஊருக்கு அந்தப் பக்கம் செய்கிறார்கள்,
சில்க் போர்டு சிக்னல் தின்றது போக
மிச்சம்தான் நமக்கு
என்று சிரித்தார் டெக்னீஷியன் சித்தலிங்கா.

வளையத்துக்குள் தலை.
ஆடக் கூடாது, தூங்கக் கூடாது.
நினைக்கலாமா?
அது உங்க இஷ்டம்.

உள்ளே ஒரே ரீங்காரம்.
நடுவில் என் பெயரை யாரோ இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.
வெளியே வந்து கேட்டேன்.
"நானா? டீ குடிக்கப் போயிருந்தேனே."
படிவத்தைத் திருப்பிக் கேட்கவில்லை நான்.

அடுத்த வாரம் எபிநேசரின் முறை.
அதற்கும் பத்து நாள் கழித்துத் திரையில் இரண்டு படங்கள்.
ஒன்றில், மூளையின் ஆழத்தில்
இரண்டு காற்புள்ளிகள் பற்றி எரிந்தன.
ஐயோ எபி, என்றேன்.
"அது நீங்க," என்றார் டாக்டர் ஹேமாவதி.
அணைத்த அடுப்பின் நிறத்தில் இருந்தான்
பக்கத்தில் அவன்.

டோபமைன் வந்து உட்காரும் சீட்டெல்லாம்
உங்களுக்குக் காலி, அதனால்
ஊசி மருந்து ஏறி உட்கார்ந்து மின்னுகிறது.
அவருக்கு நூற்றில் எழுபது சீட்டில்
மாத்திரை உட்கார்ந்தாயிற்று.
எழுபது நல்ல கணக்கு.
எண்பதைத் தாண்டினால் கை நடுங்கும்.
ரொம்ப இறங்கினால் குரல் திரும்பும்.

மாரத்தஹள்ளி கோடவுனில்
ஸ்டாக் எண்ணிக்கொண்டிருந்தவன் எபி.
கணக்கென்றால் காது நிமிரும்.
"மீதி முப்பதுல யாரு?" என்றான்.

டாக்டர் சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

குரல் இப்போது இல்லை.
மூடிப்போன சுரங்கத்திலிருந்து
அப்பாவின் டோக்கன் நம்பரைச் சொல்லி
ராத்திரி ஷிப்டுக்கு இவனைக் கூப்பிட்ட குரல்.
அதோடு இன்னும் சிலதும் போய்விட்டன.
குளி என்றால்தான் குளிக்கிறான்.
ஆறிப்போகும் இட்லியை
ஆறுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.
தங்கச்சிக் குழந்தை இறந்தபோது
சரி என்றான்.

இதற்கு எந்தக் கலர் டாக்டர்?
"அதுக்குக் கலர் இன்னும் கிடைக்கல,"
என்று ஃபைலில் ஏதோ எழுதினார்.

ஆனால் படம் வரும் முன்பே,
அவனுக்கு ஊசி போட்ட அன்றே நடந்தது ஒன்று.
டாக்டரிடம் சொல்ல விட்டுப்போனது.

மாரிக்குப்பம் ரயில், மாலை நெரிசல்.
அபூர்வமாய் அவனுக்கு ஜன்னல் சீட்.
கே.ஆர்.புரத்தில் ஏறிய ஒருத்தி
வயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.
எட்டு மாதமாய்
சொல்லாமல் எதற்கும் எழாதவன்
எழுந்தான்.
கூட்டத்தை இடித்துக்கொண்டு கதவுப் பக்கம் போனான்.
வந்துவிட்டது மறுபடியும், என்று
பின்னாலேயே ஓடினேன்.

"என்ன எபி, கூப்பிட்டுச்சா?"

"இல்ல. சித்தலிங்கா சொன்னாருல்ல,
ஒம்பது மணி வரைக்கும் என் தலையில அது இருக்கும்.
வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

முகம் அதே முகம்தான்,
சுவரில் ஆணி போல.
நல்ல பையன், சீட்டு விட்டான்
என்று யாரோ கன்னடத்தில் சொன்னார்கள்.

என் ஊசி நாளில்
நான் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்?
எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

பங்காரப்பேட்டை வரை நின்றே வந்தான்.
பிளாட்பாரக் கடிகாரத்தில் எட்டரை.
மூன்று மணி ஊசி.
விரலை மடக்கினான்:
பாதி,
கால்.

"இன்னும் அரைக்கால் இருக்கு," என்றான்.
"நீயும் தள்ளி நில்லு."