3204

மார்கழி மழை நிலாவெளி வீதிக்குக் குறுக்கே அடிக்கிறது.
வளாகத்து இரண்டாம் மாடியில்
அடுத்த ஆண்டுக்கான பாடநெறிக் கையேடும் நானும்.
முன்னூற்றுப் பன்னிரண்டு பாடம், மூன்று மொழி,
ஒரு சிவப்புப் பேனை.

முதலில் சில்லறைப் பிழைகள்.
2107 படிக்க 2110 சித்தியடைந்திருக்க வேண்டுமாம்.
2110 படிக்க 2107.
நீங்கள் போங்கோ, இல்லை நீங்கள் முதலில் என்று
வாசலை மறித்து நிற்கும் இரண்டு மரியாதைக்காரர்.
பிள்ளைகள் எப்படியோ
வேலிக்கு மேலால் ஏறிப் போயிருக்கிறார்கள்.

புள்ளிவிபரவியலுக்குத் தமிழில் மூன்று அலகு,
சிங்களத்தில் இரண்டு.
தேஷானியைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"எங்கட சரி" என்றாள்.
எங்களதும் சரி என்றேன்.
ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தோம்.
அந்தக் கட்டம் வெறுமையாயிருந்தது.

விரிவுரையாளர்களுக்கு எழுதுகிறேன்:
உங்கள் பாட விபரங்களை வெள்ளிக்கிழமைக்குள் சரிபார்த்துத் தரவும்.
வெள்ளி வரும். பதில் வராது.
கலாநிதி திருவருட்செல்வம் மட்டும் உடனே எழுதினார்,
மாற்றம் எதுவுமில்லை என்று.
அவருடைய வாசிப்புப் பட்டியலில் ஒரு புத்தகம்
பதினொரு வருடமாக "அச்சில்" இருக்கிறது.

பிறகு 3204.
கரையோரச் சூழலியல். திங்கள் எட்டரை. மண்டபம் நாலு.
களப்பயணம்: உப்பாற்றுக் கண்டல் காடு.
கற்பிப்பவர் அ. மெய்யழகன்.

மெய்யழகன் படிப்பு விடுமுறையில் நோர்வே போய் ஏழு வருடம்.
முதல் வருடம், வந்துவிடுவார் என்று விட்டோம்.
அடுத்த வருடம் பழைய கோப்பை எடுத்து
ஆண்டை மட்டும் மாற்றினோம்.
மாற்றினோம் என்றா எழுதினேன்?
மாற்றினேன்.
கோப்பின் அடியில் கிடக்கிறது என் பெயரின் முதலெழுத்து,
ஏழு தரம்.

போன பங்குனியில் றிப்கா வந்தாள், மூதூர்.
கையேட்டில் ஒரு பக்கம் மடித்திருந்தது.
மடித்த பக்கத்தில் பென்சில் வட்டம்.
"மண்டபம் நாலு பூட்டிக் கிடக்குது.
ரெண்டு திங்களும் போனன்."
அது இப்போது நடப்பதில்லை, தங்கச்சி.
"போட்டிருக்கே."

கோபித்திருந்தால் அதற்கு என்னிடம் ஒரு படிவம் இருந்தது.
அவள் கோபிக்கவில்லை.
வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
இதற்காகத்தான் இந்த வளாகத்தை முதலாவதாய்ப் போட்டேன் என்று
சுவரிலிருந்த கலண்டருக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.
இடமிருந்த பாடம் ஒன்றில் அவளைப் பதிந்தேன்.
3211, அலுவலகத் தொடர்பாடல்.

அழிப்பது பேனையின் வேலை என்று நினைக்க வேண்டாம்.
பாடவிதானக் குழு. பீடச்சபை. பிறகு மூதவை.
மூதவை மாதக் கடைசியில் கூடும்;
கூடியதை உறுதிப்படுத்த அடுத்த மாதக் கடைசியில் கூடும்.
இல்லாத ஒன்றை
இல்லை என்று எழுத ஆறு கையெழுத்து.
ஆறாவது நேற்றுத்தான் வந்தது.

இன்று கோடு கீறினேன்.
3203, அடுத்தது 3205.
"இலக்கங்களை நெருக்கி அடுக்கலாமே" என்றார் உதவிப் பதிவாளர்.
வேண்டாம் சேர்.
பல்லு விழுந்த இடம் தெரியட்டும்.

பின்னேரம் பஸ் நிலையத்தில் கச்சான் வாங்கினேன்.
மழை பட்டு ஊறிய சரையில்
தெரிந்த எழுத்து, தெரிந்த ஓரக்கோடு.
பழைய பதிப்பு, பக்கம் எண்பத்தெட்டு.
திங்கள் எட்டரை, மண்டபம் நாலு என்ற வரிக்கூடாகப்
பின்பக்கத்துப் பாடம் தலைகீழாய் மிதந்தது.

இந்த ஊர் மான்களுக்குக் காகிதம் பழக்கம்.
ஒன்று தார் ஈரத்தில் குளம்பு வழுக்க வந்து
மூக்கை நீட்டியது.
கச்சானைக் கொடுத்தேன்.
சரையைக் கொடுக்கவில்லை.

நாலாய் மடித்துக் கைப்பையில் வைத்தேன்.
ஆயிரத்து இருநூறு அடித்தோம்.
ஒன்று திரும்பி வந்திருக்கிறது.
மற்றவை எங்கெங்கோ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும்,
மூதூரில் ஒன்று, பென்சில் வட்டத்தோடு.