தீர்ந்துபோன வாக்கு

சிவப்பு, நீலம், பச்சை, செம்மஞ்சள்
எல்லா நிறத்துக்கும் ஏற்கெனவே ஆளிருந்தது.
மூடப்போகிற கடையொன்றில்
மண்ணிறத்தில் நாற்பது டீசேர்ட் மலிவாய்க் கிடந்தது.
அப்படித்தான் எங்கள் கட்சிக்கு நிறம் வந்தது.
பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது,
பெப்ரவரி மழையில்
ஓடை எழும்பித் தரிப்பிடத்துக்குள் நுழைந்து
மரூனின் பேக்கரி மாவு மூட்டைகளை
ஒரே இரவில் பிசைந்துவிட்டுப் போனபோது.

ஓடைக் கட்சி.
சிரித்தார்கள். நாங்களும்தான்.

செப்டம்பர் சனிக்கிழமை,
பெண்டில் ஹில் பள்ளிக்கூட வாசல்.
சாவடிக்கு ஆறு மீற்றர் தள்ளிச் சோக்கால் ஒரு கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் கத்தலாம்,
அந்தப் பக்கம் வாய் திறக்கக்கூடாது.
சிவப்புக் கட்சி டிம்ப்னா
முப்பது வருடமாய் இதே வாசலில் நிற்கிறாளாம்.
என் மூக்கு கருகுவதைக் கண்டு வெயில் கிறீம் நீட்டினாள்.
"முதலில் கண்ணைப் பார், பிறகு துண்டை நீட்டு" என்றாள்.
அடுத்த நிமிடமே என்னைத் தாண்டிப் பாய்ந்து
என் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

வாக்குப் போடாவிட்டால் ஐம்பத்தைந்து டொலர் தண்டம்.
பாதிப்பேர் அந்தப் பயத்தில் வந்தார்கள்.
மிச்சப்பேர் சொசேஜ் மணத்துக்கு.

சேந்தன் பத்தரைக்கு வந்தான்.
முன்பின் தெரியாதவன்போல்
என்னிடம் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.
பத்து வருடக் கணவன்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி எண்ணத் தொடங்கினார்கள்.
கட்சியின் சார்பில் நான்.
பார்க்கலாம், தொடக்கூடாது.
பென்சில் இலக்கங்கள், பென்சில் இலக்கங்கள்,
குறுக்கே ஒரு கெட்ட வார்த்தை,
குப்பை லொறி ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி,
பிறகு
கத்தரிப்பூ மை.

கூரான 1. வால் நீண்ட 2.
அந்தப் பேனை எங்கள் குளிர்ப்பெட்டித் தலையில் கிடப்பது,
என்ன முடிந்ததென்று எழுதுவதற்கு.
1, நாய்ப் பூங்கா கேட்கிற கிழவர் ஹென்ட்ரிக்கின் பெட்டியில்.
எங்களிடம் நாயே இல்லை.
2, எங்களுக்கு.
மிச்சப் பெட்டிகள் வெறுமை.

"எப்பிடி?" என்று காரில் கேட்டான்.
"பாப்பம்" என்றேன்.
வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

பதினேழு நாள் கழித்துக் கணினி பங்கு பிரித்தது.
முதலில் விழுந்தது நாய்ப் பூங்கா.
அதன் வாக்குகள் எழும்பி
அடுத்த எண்ணைத் தேடி நடந்தன.
இருபத்தொன்று எங்களிடம் வந்தன.
அதில் ஒன்றின் நிறம் எனக்குத் தெரியும்.
அடுத்து விழுந்தது நாங்கள்.
எங்கள் அறுநூற்றில் ஒரு பங்கு
டிம்ப்னாவின் ஆட்களை வெல்லவைக்கப் போனது.
போக இடம் எழுதாதவற்றைத்
தீர்ந்துபோன வாக்குகள் என்று
கடைசி வரிசையில் போட்டிருந்தார்கள்.

அன்றிரவு பாத்திரம் துடைத்தபடி கேட்டேன்,
"நாயா?"
"அந்தாளுக்குப் போட ஒருத்தருமில்லை.
சுத்தி உனக்குத்தானே வரும்."
"எனக்குப் பிறகு?"
"பிறகு பேனை எழுதேல்லை."

காலையில் அதே பேனையை எடுத்து
சாமான் பட்டியலில்
பால் என்று எழுதிப் பார்த்தேன்.
நன்றாக எழுதியது.