நாற்பத்தோராம் நகர்த்தல்

மழை வலுத்ததும் ஆயர் ஈத்தாம் பள்ளி மண்டபத்தின் தகரக்கூரை
யாருடைய பேச்சையும் கேட்கவிடவில்லை.
நல்லதுதான். முதல் பலகையில் இருவருமே
பேசுகிறவர்கள் இல்லை.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வந்த கலைவேந்தன் வெள்ளை.
புலாவ் டிக்கூஸ் ஓங் சூ லியாங் கறுப்பு.
கடைசிச் சுற்று. வென்றவருக்குக் கோப்பை.
சமன் என்றால் இருவருக்கும் இல்லை,
சீக்கிரம் ஜெயித்துவிட்டு
ஓரமாய் மைலோ குடிக்கிற ஈப்போ பையனுக்கு.

நான் நடுவர். கைகளைப் பார்ப்பது என் வேலை:
தொட்ட காய் நகர்கிறதா,
காயை வைத்த கையே கடிகாரத்தை அடிக்கிறதா.
ஆட்டத்தைப் பார்க்க எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.
ஆனாலும் பார்த்துவிட்டேன்.
நாற்பத்தோராம் நகர்த்தலில்
வெள்ளைக் குதிரை ஓரத்துக்குப் போயிருக்கலாம்.
ஓரக் குதிரை ஒன்றுக்கும் உதவாது என்பார்கள்.
அன்று உதவியிருக்கும்.
கலைவேந்தனின் விரல் அதன் காதுவரை போய்
தொடாமல் திரும்பியது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன். உப்புக் கரித்தது.

பிறகு குதிரைகள் வெட்டுப்பட்டன, ராணிகள் போயின.
ஒரு யானை, ஒரு சிப்பாய்; எதிரே ஒரு யானை.
ஓங் தன் மூன்றாம் வரிசையில் யானையைக் குறுக்கே நிறுத்தினார்,
ரயில்வே கேட் போல.
சிப்பாய் அந்தக் கோட்டை மிதித்த கணம்
யானை மறுகோடிக்கு ஓடி
பின்னாலிருந்து ராஜாவைத் துரத்தியது.
செக். செக். மறுபடி செக்.
ஒதுங்கக் குடையளவு நிழலும் இல்லை ராஜாவுக்கு.

இருவருக்கும் அரைமணி முன்பே தெரிந்த முடிவு.
யார் முதலில் கேட்டார் என்று தெரியவில்லை,
மழை.
இரண்டு கைகள் மேசைமேல் நீண்டதைத்தான் பார்த்தேன்.
தாளில் அரை, அரை. இரண்டு கையெழுத்து.
ஈப்போ பையன் அம்மாவுக்கு போன் அடிக்க ஓடினான்.

"நாற்பத்தொன்றில் ஏதோ இருந்தது" என்றார் ஓங், மலாயில்.
மறுபடி அடுக்கினார்கள்.
குதிரையை எல்லாப் பக்கமும் குதிக்கவிட்டார்கள்,
ஓரத்தைத் தவிர.
கடைசிப் பெர்ரி போயிருக்கும்.
இப்போது சொல்லலாம், எந்த விதியும் தடுக்காது.
நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இரவு, டத்தோ கெராமாட் சாலை ஒட்டுக்கடையில்
மீ கோரேங் ஆறிக்கொண்டிருக்க
ஊறுகாய் மிளகாய்த் துண்டுகளைக் காய்களாக வைத்துப் பார்த்தேன்.
ஓரக் குதிரை. செக். ராணி விலகுகிறது.
ஏழு நகர்த்தல் தள்ளி
கறுப்புக்கு ஒரு சந்து இருந்தது.
அதுவும் சமன்.

நம்பாமல் இன்னொரு முறை வைத்தேன்.
கறுப்பு யானையைக் காணோம்.
எப்போது தின்றேனோ.