நிகழ்காலத்துக்கு முன்

ஆய்வுகூடத்தின் கணக்கில் இன்று என்பது
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது, தை முதலாம் திகதி.
அதோடு நின்றுவிட்டது.
பிறகு வந்த எதுவும் இன்னும் நடக்கவில்லை:
நான், என் நாட்சம்பளம், இந்தக் கிடங்கு,
கிடங்கின் விளிம்பில் குந்தியிருந்து
தேத்தண்ணி ஊற்றும் ஜெசீமா.

சங்குத்திட்டியில் ஆறு வாரம்.
கொட்டியாரக் குடாவின் காற்று
அளவுநாடாவைக் கையிலிருந்து பறிக்கும்.
ஒன்றரை மீற்றர் கீழே
மட்டிச் சிப்பி, சுறா முள்ளெலும்பு,
ஓரம் தேய்த்து மெருகிட்ட கோடரி, பெருவிரல் அளவு.
அதற்கும் கீழே கருகிய தினை, ஒன்பது மணி.
மூச்சை அடக்கித்தான் எடுத்தேன்.
விரல் படக்கூடாது;
என் தோலின் எண்ணெயும் இந்தக் காலத்துக் காபன்.

மூச்சு நிற்கும்வரை ஓடாத மணிக்கூடு இது.
கதிர் அறுந்த அன்று தொடங்கியது,
ஐயாயிரத்துச் சொச்சம் வருசத்துக்குப் பாதியாக
உதிர்ந்துகொண்டே வருகிறது.

கடல்தான் குழப்பும்.
ஒரே அடுப்பில், ஒரே இரவில்
தினையும் மட்டியும் சமைத்திருக்கிறார்கள்.
தினை சொல்கிறது: ஐயாயிரத்து இருநூற்றுப் பத்து.
மட்டி சொல்கிறது: இல்லை, இன்னும் நானூறு கூட.
ஆழத்தில் கிடந்த பழைய காபனைத்
தின்று வளர்ந்த ஓடு அது,
பிறக்கும்போதே வயது போனது.
நானூறைக் கழித்து எழுதினேன்.
புதிய கற்காலம் என்ற சொல்லைப்
பேராசிரியர் கேள்விக்குறியோடு வைத்தார்,
மறுநாள் குறியை அழித்தார்.

ஏழாம் மாதிரி மட்டும்
வேறு மாதிரி வந்தது.
சீ கட்டம், கப்புக் குழி, கரி.
நூற்றுப் பதினைந்து வீதம் என்றது அறிக்கை.
நூறுக்கு மேல் என்றால்
அணுகுண்டுகள் வெடித்துப் பார்த்த பின்னான காற்று.
அந்த வளைவு மலைபோல் ஏறி இறங்கும்,
ஒரே உயரத்தை இரண்டு தரம் தொடும்.
அதனால் இரண்டு விடை:
அறுபத்திரண்டு, அல்லது தொண்ணூறு.
பேராசிரியரின் பதில் ஒரு வரி:
*கலப்படம். ஏழை விட்டுவிடவும்.*

அரிதட்டை ஆட்டிக்கொண்டிருந்த கோணாமலையிடம்
சும்மா, பகிடியாகத்தான் கேட்டேன்:
அறுபத்திரண்டோ தொண்ணூறோ, அண்ணை?

அரிதட்டு நின்றது.
அறுபத்திரண்டில இஞ்ச ஈச்சம் பத்தை, பிள்ளை.
வீடு எண்பத்தி நாலில போட்டது.
அந்தக் கப்பு நட்டது நான்.
தொண்ணூறு எண்டு எழுதுங்கோ.
ஆனி எண்டும் எழுதலாம்.
பின்னேரம், நாலு மணி இருக்கும்,
காத்து கடல் பக்கமிருந்து.

எங்கள் இயந்திரங்களுக்கு
கூட்டிக் கழிக்க முப்பது வருசம் வேணும்.

சீ கட்டம் தந்தால் மண்வெட்டி பிடிக்காமல்
ஏ கட்டம் கேட்டு நிற்பார், ஆறு வாரமும்.
முதுகு நோவாக்கும் என்று நினைத்திருந்தேன்.

கரி என்று நான் எழுதியதைக் கேட்டுச் சொன்னார்:
கப்பில்லை, அது கூரைக் கிடுகு.
அந்த வருசம்தான் புதுசா வேஞ்சது.
பிறகு, மிச்சத்தைத் திருப்பித் தருவினமோ என்றார்.

எப்படிச் சொல்வது.
அமிலத்தில் கழுவி, காரத்தில் கழுவி,
மறுபடி அமிலத்தில் கழுவி,
குழாய்க்குள் அடைத்து
எண்ணூறு பாகை சூட்டில்
வாயுவாக்கித்தான் அளப்பார்கள்.

சொன்னேன்.

அப்ப, இன்னொருக்கா எரிச்சிருக்கினம்,
என்றார். கோபமில்லை,
விபரம் சரிபார்க்கிற குரல்.

ஜெசீமா பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினாள்.
சீனி போதுமோ என்று அவரைக் கேட்டாள்.
அட்டவணையில் ஆறுக்குப் பிறகு எட்டு.
நான் இன்னும் அனுப்பவில்லை.