ஃப்ளஷ்

வெருலத்திலிருந்து அழைத்தார் குபேந்திரன்.
"எல்லார் போனிலும் தொறக்குது,
என் கடைப் பெட்டியில மட்டும் வரலை."

குழாய் ரிப்பேர்க்காரர்.
நாலு ஆட்கள், ஒரு பிக்கப் வண்டி,
ஒரு இணையதளம்:
நீல எழுத்து, சொட்டும் குழாயின் படம்.
போன செவ்வாய் அதை
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து எடுத்து
கேப்டவுனில் வேறொரு சர்வரில் வைத்தது நான்தான்.

பெயர் அதேதான், வீடு மாறியிருக்கிறது.
உங்கள் கணினிக்கு அது தெரியாது.
பழைய எண்ணை மடியில் முடிந்துகொண்டு
காலி வீட்டுக் கதவைத்
தட்டிக்கொண்டே இருக்கிறது என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

கறுப்புச் சன்னலைத் திறக்கச் சொன்னேன்.
ஐ, பி, கான்ஃபிக். ஒரு இடைவெளி.
சாய்கோடு. அதில்லை, மற்றது.
பிறகு ஃப்ளஷ்...

"என்னது?"
"ஃப்ளஷ்."

சிரித்தார் பாருங்கள்,
இருமல் வரும்வரை.
"பதினோரு நாளா இந்தத் தெருவில
சொட்டுத் தண்ணி இல்லைம்மா.
இருபத்தாறு வருஷம் இதே வேலை பார்த்தவன் நான்.
இன்னிக்கு இங்க ஃப்ளஷ் ஆகுற ஒரே சாமான்
இந்தப் பெட்டிதானா?"

ஒற்றை விரலால் தட்டுவது கேட்டது.
என்டருக்கு முன் நின்றார்.
"எல்லாம் போயிடுமா?
பில்லு, போட்டோ, ஆளுங்க பேரு?"

ஒன்றும் போகாது.
விலாசங்கள் மட்டும்தான்.
அடுத்த முறை யாரைத் தேடினாலும்
முதலிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

"நல்ல புத்தி" என்றார்.
பிறகு, நான் கேட்காமலே:
"ஜூன்ல வீட்டை விட்டு வந்தேன்.
இப்ப மவுண்ட்வியூவில ஒரு ரூம்.
வேலை முடிஞ்சு வண்டிய எடுத்தா
நேத்துக்கூட
ரெட்க்ளிஃப் பக்கம் திரும்பி
பழைய கேட்டு முன்னால நிறுத்திட்டேன்.
ரிமோட்டையும் அமுக்கிட்டேன்.

கேட்டு தொறந்துச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
இப்போது என்டர் என்றேன்.

கறுப்பில் ஒரு வெள்ளை வரி வந்திருக்குமே?
"வந்திருக்கு."
பக்கம்?
"தொறந்துடுச்சு. குழாய் சொட்டுது."

அதற்குள் தெருவில் டேங்கர் ஹாரன்.
"இரும்மா, வாளி எடுத்துட்டு வர்றேன்"
ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.

நான் கட் பண்ணவில்லை.
வாளிகள் தரையில் உரசுவதையும்
வரிசைக்காக யாரோ சண்டை போடுவதையும்
பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.